பன்னிரண்டு மீட்டர்

இந்த மாதம் எந்தக் கட்டத்தில் தப்புப் போடலாம் என்று ஆரோக்கியஜோசப் பேனா மூடியைக் கடித்தபடி யோசித்தார். ஜூனுக்கு முப்பத்தொரு நாள் வேலை நடந்ததாகப் போன மாதமே எழுதியாயிற்று. அதற்கு முந்தின மாதம் ஆண் ஒன்று, பெண் ஒன்று, மொத்தம் ஒன்று. ஒரே தப்பைத் திரும்பப் போட்டால் வேண்டுமென்றே செய்வது தெரிந்துவிடும்.

தலத்தெருவில் அந்த ஆபீசுக்கு அவர் ஒருவர்தான். பழுப்பு நிலக்கரி கிடைக்குமா என்று பார்க்க வந்த கம்பெனி, போலகத்துப் பக்கம் முப்பது இடத்தில் துளை போட்டுப் பார்த்தது. ஊர் திரண்டு சாலையில் உட்கார்ந்ததும் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பூமிக்குள்ளிருந்து எடுத்த மண் உருளைகள் மட்டும் தகரப் பெட்டிகளில் தங்கிவிட்டன. உரிமம் தீரும்வரை யாராவது அவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த யாராவது, அவர். நூறு மீட்டர் ஆழத்து மண் நல்ல துணைதான், ஆனால் வாய் திறக்காது.

ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் சுரங்கக் கம்பெனிகளும் கனிமம் தேடும் கம்பெனிகளும் புள்ளிவிவர அலுவலகத்துக்குக் கணக்கு எழுதி அனுப்ப வேண்டும். எத்தனை துளை, எத்தனை மீட்டர், எத்தனை ஆள். ஆறு வருஷமாக அவர் எழுதுவது பூஜ்யம், பூஜ்யம், ஒன்று. சரியாக எழுதி அனுப்பினால் ஒரு பதிலும் வராது. ஒருதரம் கூட்டலில் கை தவறிப்போனது. அதற்குப் புதுச்சேரியிலிருந்து போன் வந்தது.

"ஜோசப் சாருங்களா? நீலாயதாட்சி பேசறேன். மொத்தத்துல ஒண்ணு இடிக்குதுங்களே."

திருத்தம் அரை நிமிஷத்தில் முடிந்தது. பேச்சு பத்து நிமிஷம் போனது. அவள் நாகப்பட்டினத்துக்காரி. அரசலாற்றில் தண்ணீர் வந்ததா, மாங்கனித் திருவிழாவில் கூட்டமா என்றெல்லாம் கேட்டாள். தன் அம்மாவின் முழங்கால் வலியைச் சொன்னாள். மனைவி ஜெயமேரி போய்ச் சேர்ந்ததிலிருந்து அவரிடம் யாரும் பதில் யோசித்துச் சொல்லும்படியாக ஒன்றும் கேட்டதில்லை. பிரான்சிலிருக்கும் மகள் சில்வியா ஞாயிற்றுக்கிழமைகளில் "சாப்டியாப்பா" என்பாள். அதற்கு யோசிக்க என்ன இருக்கிறது? அடுத்த மாதம் கை தானாகத் தவறவில்லை. அவர்தான் தவறவிட்டார்.

ஜூலைக் கணக்கில், அதுவரை தொடாத கட்டத்துக்குப் போனார். துளையிட்ட ஆழம்: 12. இடம்: போலகம். பெரிய தப்புக்குப் பெரிய பேச்சாக வரும் என்று ஒரு நப்பாசை.

போன் வரவில்லை. குளிக்கப் போகும்போதும் செல்லை எடுத்துப்போய் ஜன்னலில் வைத்தார். ஆகஸ்ட் முடிந்தது. அடுத்த கணக்கைத் தப்பே இல்லாமல் எழுதி அனுப்பினார்.

செப்டம்பர் கடைசியில் போலகத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். முன்னால் நின்ற திருஞானசம்பந்தம், போலகம் 12 மீட்டர் என்று புள்ளிவிவர அலுவலகம் அச்சடித்துக் கொடுத்த தாளை மேசைமேல் வைத்தார். தகவல் கேட்டு மனுப் போட்டு வாங்கியதாம்.

"எங்க போட்டீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. மூணு நாளா நடவை விட்டுட்டு ஊரே ஓட்டையத் தேடி வயல்ல நடக்குது. ஒரு நண்டு வளைய விடல."

போடவே இல்லை என்றார் ஜோசப்.

"அப்ப கவர்மெண்டு சும்மா எழுதிக்கிச்சா?"

திருஞானசம்பந்தம் தாளை மடித்துக்கொண்டு, "நீங்களும் இந்த மண்ணுலதான் சோறு திங்கிறீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அன்று மாலையே கம்பெனி மேலிடத்திலிருந்து பேசினார்கள். நாம் பூஜ்யம்தான் அனுப்பினோம், அவர்கள் ஆபீசில் ஏற்றும்போது தப்பாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும், நம்மிடமுள்ள நகலைக் கிழித்துவிட வேண்டும். ஜோசப் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஒரு பெண் வாசலில் செருப்பைக் கழற்றினாள். குரலைக் கேட்ட பிறகுதான் நீலாயதாட்சி என்று அவருக்குத் தெரிந்தது. போனில் கேட்டதைவிட வயது கூட, கையில் பஸ் டிக்கெட் கசங்கியிருந்தது.

அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்காக ஆகஸ்டில் அவள் லீவில் இருந்திருக்கிறாள். வந்த தாளை யாரோ அப்படியே ஏற்றிவிட்டார்கள். அந்தப் பிரிவு அவளுடையது என்பதால் மெமோ அவளுக்கு. அனுப்பிய தாளோ அங்கே அகப்படவில்லை.

"நீங்க சைபர் அனுப்பியிருந்தா தப்பு எங்களுதுன்னு ஆயிடும் சார். என்னை சஸ்பெண்ட் பண்ணுவாங்க. என்ன அனுப்புனீங்கன்னு உள்ளபடி சொல்லுங்க."

ஜோசப் எழுந்துபோய்க் கோப்பை எடுத்துவந்தார். கிழிக்காத நகல். அவர் கையெழுத்தில் பன்னிரண்டு. அதன் கீழேயே, துளை எதுவும் போடவில்லை, தெரிந்தேதான் இப்படி எழுதினேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார். போலகத்துக்கும் ஒன்று வேண்டுமென்று இன்னொரு தாளிலும் எழுதினார்.

அவள் இரண்டு தாளையும் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மாசா மாசம் ஒரு தப்பு வரும். நானே திருத்திட்டுப் போயிருக்கலாம் சார். வேலையே செய்யாத கம்பெனிக்கு என்ன எழுதணும்னு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏம்மா போன் பண்ணுனீங்க?"

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஆறு வருஷமாக இந்தக் கம்பெனிக் கணக்கை ஏற்றியும் அந்த மண்ணைக் கண்ணால் பார்த்ததில்லை, பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் கொட்டகையைத் திறந்து ஒரு பெட்டியை இழுத்தார். போலகம், மூன்றாம் துளை, நூற்றுப் பன்னிரண்டாம் மீட்டர். கறுத்த உருளையில் அவள் விரலை வைத்தாள். "சில்லுன்னு இருக்கு" என்றாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மெமோ ரத்தானது. ஆனாலும் அவளை மீன்பிடிக் கணக்குக்கு மாற்றிவிட்டார்கள். போலகத்துத் தாளை வாங்கிக்கொண்ட திருஞானசம்பந்தம் இப்போது கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கம்பெனி திட்டியதோடு சரி, பெட்டிகளைக் காக்க வேறு ஆள் அகப்படவில்லை.

நவம்பர் ஐந்தாம் தேதி. இனிமேல் கணக்கைக் கம்ப்யூட்டரிலேயே ஏற்ற வேண்டும். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஜோசப் ஒற்றை விரலால் பூஜ்யம், பூஜ்யம், ஒன்று என்று தட்டினார். வேலை நடந்த நாட்கள் என்ற கட்டத்தில், அக்டோபருக்கு முப்பத்திரண்டு என்று போட்டார்.

கட்டம் உடனே சிவந்தது. தவறு, திருத்தவும் என்று எழுத்து வந்தது. அவர் திருத்தவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தச் சிவப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.