அடித்த பெயர்

“எக்கா, பெட்டி மூட நேரமாச்சு. இன்னும் என்ன எழுதுத?” என்று கேட்டபடி மெர்வின் அறைக்குள் வந்தான்.

பிரிஸில்லா நிமிரவில்லை. அடக்க ஆராதனையில் வாசிக்க வேண்டிய அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பில் கடைசிப் பத்தி பாக்கி இருந்தது. வெளியே பந்தலில் அப்பா பாக்கியசீலன் சவப்பெட்டிக்குள் கிடந்தார். பாளையங்கோட்டைச் சொந்தமெல்லாம் கூடியிருந்தது.

“அம்பலவாணன் சார் வந்திருக்காரு. ரெண்டு வார்த்தை பேசணும்னு கேக்காரு. பெரிய மனுசன், என்ன சொல்லட்டும்?”

வந்தேவிட்டாரா! காலையிலிருந்து அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது அதற்குத்தான்.

“பேச வேண்டாம். அப்பா குறிப்ப அவரையே வாசிக்கச் சொல்லு.”

அப்பா வேலை பார்த்தது கப்பற்படை ஆய்வகத்தில். கடலுக்குள் ஒலி போய் எதிரொலி திரும்பும். அடுத்த ஒலி கிளம்புவதற்குள், எதிரே இருப்பது என்ன, எவ்வளவு தூரம் என்று சோனார் கணக்கை முடித்துவிட வேண்டும். பிந்திய விடை சரியாக இருந்தும் பிரயோஜனமில்லை. எண்பதுகளில் கிடைத்த மைக்ரோபிராசஸர் ஒன்றால் அது ஆகவில்லை. கட்டட வேலையில் சாந்துச்சட்டி கைமாறுவதுபோல நான்கு மைக்ரோபிராசஸர்களுக்கு வேலையைப் பங்கிட்டு ஓடவைத்தவர் அப்பா. மூன்று வருடம் ஞாயிறு ஆராதனைகூட இல்லாத உழைப்பு. அறிக்கை அச்சானபோது அதில் இருந்தது மேலதிகாரி அம்பலவாணன் பெயர் மட்டும்தான். பதக்கமும் அவருக்கே. ஏன் என்று கேட்ட அப்பாவைப் பழைய சாமான் கிடங்குக்கு மாற்றினார்.

அந்த மனிதர் பேசிய மேடைப்பேச்செல்லாம் அப்பா எழுதிக் கொடுத்தவை. முன்கூட்டி ஒரு பார்வைகூடப் பார்க்காமல் வாங்கி அப்படியே வாசிப்பார். பிரிஸில்லா அதைத்தான் நம்பினாள்.

பந்தலில் அவள் நீட்டிய தாளை வாங்கி அம்பலவாணன் மைக்கைப் பிடித்தார். எண்பது தாண்டியும் கணீர்க் குரல். பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம் எல்லாவற்றையும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். “கப்பற்படைச் சோனாரின் கணக்குக் கருவியை வடிவமைத்தவர் இவரே. அறிக்கையிலிருந்து இவர் பெயரை அடித்தவன்...”

தாளில் அடுத்த சொல் ‘நான்’.

அப்பாவின் ஆய்வகச் சகாக்கள் நாலைந்து பேர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள்.

“எழுத்து சரியாத் தெரியலம்மா,” என்றார்.

“ஒத்தச் சொல்லுதான் சார். வாசிங்க.”

“சாவு வீடும்மா...”

“ஆமா சார். இனிமே எப்ப வாசிப்பீங்க?”

குருவானவர் தொண்டையைச் செருமினார். மெர்வின் அவள் கையைப் பிடித்தான், உதறினாள். அந்தக் கிழவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டுவதைப் பார்த்தாள். துளியும் இரக்கம் வரவில்லை, ஆனந்தமாகத்தான் இருந்தது.

ஆட்கள் பெட்டி மூடியைத் தூக்கினார்கள். “மூடாதிய,” என்றாள். குனிந்து, அப்பாவின் வலது காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்தாள்.

“சத்தமா வாசிங்க சார்.”

“நான்,” என்றார் அம்பலவாணன். மைக்கில் பாதிதான் விழுந்தது.

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா ஜெபராணி எழுந்து, இடது காதுப் பஞ்சை எடுத்தாள்.

“அவுகளுக்குக் கேக்கல சார்,” என்றாள்.