முப்பது பாகம், அடி தட்டவில்லை

...தூங்கிவிட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் போதுமாம், அதோடு எல்லாம் முடிந்துவிடுமாம், யாருக்கு முடியும், கப்பலை நடத்தின தண்டையலுக்கு முடியும், கப்பலைக் கொண்டுபோய் மோதியது தானல்ல என்று மயிலிட்டி முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவார், மார்க்கண்டு மட்டும் சாகும்வரை காவலில் தூங்கித் தங்கையின் புருஷனைச் சாகவிட்டவன்... சொல்லமாட்டேன், கழுத்தை அறுத்தாலும் சொல்லமாட்டேன். ஈர வேட்டியோடு அம்மன் கோயில் வாசலில் நின்றான் மார்க்கண்டு, உச்சி வெயில் தலையைப் பிளந்தது, மதியப் பூசை முடிந்து ஐயர் தட்டோடு வெளியே வரவேண்டும், வந்தால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, அன்று விடியற்காலை நான் தூங்கவில்லை என்று சத்தியம் பண்ணவேண்டும். யாரும் அவனைப் பிடித்திழுத்து வரவில்லை, அவனேதான் கேட்டான், ஊரறியக் கேட்டான், தண்டையல் ஆழ்வாப்பிள்ளையும் வந்து நிற்கட்டும் என்று ஆளும் அனுப்பினான். வந்துதான் நிற்கிறார் பெரிய மனிதர், பூவரச நிழலில், சால்வையால் விசிறிக்கொண்டு. நேற்றும் வீடு தேடி வந்தார், என்ன கனிவு, என்ன குழைவு, "எட தம்பி, நித்திரை ஆருக்குத்தான் வராது? இருபது நாள் குளிரும் பனியும். கண் அயர்ந்து போச்சு எண்டு சொல்லிவிடு, ஊர் மன்னிக்கும். வாற தையிலை ரங்கூனுக்கு நீதான் எனக்குச் சுக்கான் பிடிக்கப்போறாய்." ரங்கூனாவது மண்ணாங்கட்டியாவது. தூண் ஓரமாய் வெள்ளைச் சேலையில் பூரணம் நிற்கிறாள், அவனுடைய ஒரே தங்கை, செத்துப்போன நாகலிங்கத்தின் பெண்சாதி, மார்க்கண்டு ஊருக்குத் திரும்பி நாலு மாதமாகிறது, ஒரு வார்த்தை கதைத்தாளா, இல்லை, படலையைத் திறந்து வா என்றாளா, அதுவும் இல்லை. அவளுக்காகத்தான் இந்தக் கற்பூரம். ஊர் நம்பினால் நம்பட்டும், நம்பாவிட்டால் கடலில் போய் விழட்டும், அவள் நம்பவேண்டும்.

தூங்குகிறவனா கயிற்றில் கட்டி ஆழம் பார்க்கிற ஈயக்குண்டை எறிவான், அதுவும் இரண்டுதரம்? கப்பல் சிவகாமி, நம்மூர் ஓடாவிமார் வேம்பும் இலுப்பையும் அறுத்துக் கட்டின பாய்க்கப்பல், கனடாவிலிருந்து வந்த வெள்ளைக்காரன் ஒருவன் கண்டு ஆசைப்பட்டு வாங்கி, என் ஊரில் கொண்டுவந்து தாருங்கள் என்றான், பதின்மூன்று பேர் போனார்கள், எத்தனை கடல், எத்தனை காற்று, எல்லாம் தாண்டி அவனுடைய ஊருக்கு நாலைந்து நாள் இருக்கும்போது பனிப்புகார் இறங்கியது, கையை நீட்டினால் விரல் தெரியாது. கப்பலின் முன்முனையில் காவலுக்கு இரண்டு பேர், அவனும் நாகலிங்கமும். விடிகிற நேரம் இடப்பக்கத்தில் வெள்ளையாய் ஏதோ, அதில் அலை உடைகிற சத்தம்... மயிலிட்டிக் கடலில் வெள்ளையும் சத்தமும் சேர்ந்தால் பாறை, பாறை தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் நீண்டு கிடக்கிறது என்பதை ஈயக்குண்டு சொல்லும், பதினெட்டு வயதிலிருந்து அவன் படித்த படிப்பு அது. எறிந்தான். இரண்டு கையும் விரித்த அளவு ஒரு பாகம், பத்துப் பாகம், இருபது, முப்பது, கயிறு முடிந்துவிட்டது, குண்டு அடி தட்டவில்லை. இழுத்து இன்னொருதரம் எறிந்தான், ஈரக் கயிறு விறைத்து உள்ளங்கைத் தோலை உரித்தது, அப்போதும் தட்டவில்லை, அடி இல்லாத இடத்தில் பாறை எப்படி நிற்கும்? "அடி தட்டேல்லை, ஆழந்தான்! போகலாம்!" என்று கத்தினான், பின்னாலிருந்து தண்டையல் "ஓம்" என்றார், காதால் கேட்டான், இப்போது அவருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லையாம், கேட்காதுதான், எப்படிக் கேட்கும்! வெள்ளை இடப்பக்கமாய் ஒதுங்கிப் போனது, போய்விட்டது என்று நினைத்தான்... பிறகு கீழேயிருந்து அந்த இடி. ஐஸ் மலை. வெளியே தெரிந்தது கொஞ்சம், மிச்சமெல்லாம் தண்ணீருக்குள் காலை நீட்டிக்கொண்டு கிடந்தது, நிலத்தில் நிற்காமல் மிதந்துகொண்டு, மிதக்கிற மலைக்கு ஈயக்குண்டு என்ன செய்யும், பிரமனே எறிந்தாலும் அடி தட்டுமா? முன்பக்கம் பிளந்து நாகலிங்கம் கடலில் விழுந்தான். கயிறு போட்டார்கள், அந்தக் குளிரில் பிடிக்க அவனுக்குக் கை மடங்கவில்லை. ஓட்டைக்குள் பாயைத் திணித்துக் கப்பலைக் கரைசேர்த்தார்கள், கப்பல் பிழைத்தது.

மணி அடித்தது. ஐயர் வருகிறார், தட்டில் கற்பூரம் கொழுந்துவிட்டு எரிகிறது, சனம் நெருங்கி வருகிறது, வரட்டும், நன்றாய்ப் பார்க்கட்டும். பொய்ச் சத்தியம் பண்ணினால் கை அழுகும் என்பார்கள், இந்தக் கை அழுகாது, அழுகுவதென்றால் பூவரச நிழலில் சால்வை பிடித்திருக்கிற கை அழுகட்டும். அவன் தண்டையலைத்தான் பார்த்தான், நேருக்கு நேர், அவர் கோபுரத்தைப் பார்த்தார். "அம்மாளாச்சி அறிய, அண்டைக்கு நான் ஒரு கண்ணும் மூடேல்லை. முழிச்சிருந்தனான்!" ஓங்கி அடித்தான், சுட்டது, அணைந்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு, யாரோ ஒரு கிழவர் தலையை ஆட்டினார், தண்டையல் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயில் படலைப் பக்கம் நடந்தார், போ, போ, திரும்பிப் பாராமல் போ... வென்றுவிட்டான் மார்க்கண்டு, நாலு மாதத்துக்குப் பிறகு மூச்சு முழுதாய் வந்தது.

பூரணம் தூணைவிட்டு வந்தாள். அவன் முன்னால் நின்றாள். "நீங்கள் நித்திரை கொள்ளேல்லை எண்டு எனக்கு எப்பவோ தெரியும், அண்ணை," என்றாள். "சின்னனிலையே நீங்கள் காவலிருந்தால் கண் மூடமாட்டியள். நான் கேக்க இருந்தது வேறை. உங்களோடைதானே நிண்டவர்... கடைசியாய் என்ன சொன்னவர்?"

என்ன சொன்னான்... ஒன்றும் சொல்லவில்லை என்று வாய்வரை வந்தது, ஆனால் கற்பூரம் அடித்த கை இன்னும் எரிகிறதே. நாகலிங்கம் கொழும்புத்துறைக்காரன், முழங்கால் தண்ணீரில் இறால் பிடித்தவன், யாழ்ப்பாணம் ஸ்டேசனில் கொழும்புக்குப் போகும் மீன்பெட்டிகளுக்கு ஐஸ் நிரப்பினவன், ஆழ்கடல் அவனுக்கு அதுதான் முதல்தரம். குண்டு எறிந்துகொண்டிருக்கும்போது அவன் முகத்தை நீட்டி மோப்பம் பிடித்தான். "மச்சான், உது பாறை இல்லை, ஐஸ். பெட்டி திறக்கேக்கை இப்பிடித்தான் குளிர் முகத்திலை அடிக்கும். தொட்டித் தண்ணியிலை போட்டால் முக்கால்வாசியும் கீழைதான் கிடக்கும். விலத்தச் சொல்லு." மார்க்கண்டு சிரித்தான். முழங்கால் தண்ணிக்காரன் நீ எனக்குக் கடல் படிப்பிக்கிறியோ என்றான். நாகலிங்கம் கேட்கவில்லை, தண்டையலைப் பார்த்துத் தானே கத்தத் திரும்பினான், அவன் தோளைப் பிடித்து இருத்தியது யார்? முழித்திருந்தவன்தான். முப்பது பாகம் எண்ணினவன்தான். அந்த ஒரு விடியற்காலை மட்டும் மார்க்கண்டு தூங்கித் தொலைத்திருந்தால் நாகலிங்கம் கத்தியிருப்பான், கப்பல் விலகியிருக்கும்...

"சொல்லுங்கோவன், அண்ணை," என்றாள் பூரணம்.