விறகாகப் பதிவான புன்னை

எங்கள் பேரூராட்சியின் பெயரைச் சொல்ல மாட்டேன். மரக்காணம் பக்கம், உப்பளத்தை ஒட்டி இருக்கிறது என்பதோடு விட்டுவிடுங்கள். முப்பத்தோரு வருஷம் அங்கே கிளார்க்காக இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலிருந்தே அந்த ஆபீசைக் குறை சொல்ல ஆரம்பித்தவன் நான். இவ்வளவு சுகமான வேலையை உத்தியோகத்தில் இருந்தவரைக்கும் யாரும் எனக்குக் கொடுக்கவில்லை.

போன மாசியில் பஸ் ஸ்டாப்பில் நின்ற புன்னை மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். நிழற்குடை கட்டுவதற்காக நிழலை வெட்டினார்கள் என்று நான் பதினெட்டு பேரிடம் சொன்னேன். பதினெட்டு பேரும் சிரித்தார்கள். லேசுப்பட்ட மரமா அது? அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க ஆறு பேர் வேண்டும். சரி, இரண்டு பேர். அதன் நிழலில் ஒரே நேரத்தில் இரண்டு கல்யாணமும் ஒரு கருமாதியும் நடத்தலாம், மூன்று பந்தியும் ஒன்றோடொன்று கலக்காது.

மரம் விழுந்த மூன்றாம் நாள் சாலம்மாள் வீட்டுக்கு வந்தாள். உப்பளத்தில் உப்பு வாருகிற பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி மாதிரி. உப்பளத்தில் நிழல் கிடையாது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு திட்டத்தில் இரும்புக் குழாய் நட்டுக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். உப்புத் தண்ணீரில் இரும்பு. இரண்டாவது மழைக்குள் குழாய் டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிட்டது. போன சித்திரையில் சாலம்மாளின் மருமகள் பூவிழி வரப்பிலேயே மயங்கி விழுந்தாள். இந்தச் சித்திரைக்கு அவளுக்கு ஆறாம் மாதம்.

"வேலைக்குப் போவாதடின்னா கேக்க மாட்டேங்குறா சார். ஊட்டுல இருந்தா சோறு யாரு போடறதுன்றா. நீங்க அந்தப் புன்னையில ஆறு கம்பம் மட்டும் வாங்கிக் குடுங்க. எட்டடி உசரம் போதும். உப்புல நட்டாலும் அது நிக்கும். ஓலை நாங்க வேஞ்சிக்கறோம்."

"வாங்கித் தர்றதா? போராடித் தர்றேன்" என்றேன்.

உட்கார்ந்து ஒன்பது பக்கம் மனு எழுதினேன். நாலாம் பக்கத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது. என் மனைவி லீமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தாள்.

"ஏங்க, ஒரு மரத்துக்கு ஒன்பது பக்கம். உங்க அம்மா செத்ததுக்கு எங்க அப்பாவுக்கு ஒரு கார்டுல ரெண்டு வரி எழுதனீங்க."

மறுநாள் சாலம்மாளையும் மனுவையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். என் பழைய நாற்காலியில் இப்போது பிரியதர்ஷினி என்கிற பெண் இருக்கிறாள். மரியாதையான பெண். ஃபேனைப் போட்டு, உட்காரச் சொல்லி, மனுவின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தாள்.

"சார், அது விறகு. விறகுன்னா எப்பவும் போல ஏலம். செங்கல் சூளைக்குப் போயிடுச்சு. இன்னைக்கு அறுத்து ஏத்துறாங்க."

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். எழுந்து நின்றேன். மக்கள் சொத்து, சூளை நெருப்பு, கேட்பார் இல்லாத ராஜ்ஜியம் என்று வராண்டாவில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி பேசினேன். கடைசியாக, "புன்னையை விறகுன்னு எழுதின அறிவாளி யாரும்மா? அந்தக் கையை நான் பாக்கணும்" என்றேன்.

பிரியதர்ஷினி மரப் பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தாள்.

'பஸ் ஸ்டாப்: சீமைக் கருவேலம், ஒன்று. விறகுக்கு மட்டும்.' கீழே கையெழுத்து. அதற்கு முந்தின வருஷமும் அதே. அதற்கு முந்தினதும்.

சாலம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ச... கா... ய... நாதன். யாரு சார் இது?"

எனக்குக் கிளார்க் சார் என்பதைத் தவிர வேறு பெயர் இருப்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

விஷயம் இதுதான். நல்ல மரம் என்று எழுதினால் வருஷா வருஷம் டேப் எடுத்துக்கொண்டு போய்ச் சுற்றளவு அளக்க வேண்டும். காய்க்கிற மரம் என்றால் காய் ஏலம், அதற்குத் தண்டோரா, அதற்கு ஒரு ஃபைல். சீமைக் கருவேலத்துக்கு ஒன்றும் வேண்டாம். ஆகவே என் காலத்தில் ஊரிலிருந்த மரமெல்லாம் சீமைக் கருவேலம் ஆனது. பள்ளிக்கூடத்து வேம்பு, ஆஸ்பத்திரி மாமரம், எல்லாம். எங்கள் ஆபீஸ் வாசல் தென்னைகூட என் பதிவேட்டில் முள் மரம்தான். அதன் இளநீரை நானே குடித்திருக்கிறேன்.

"நீங்க போய்ப் பாக்கலியா சார்?" என்றாள் சாலம்மாள்.

"அவ்வளவு மரத்தையும் எங்க போய்ப் பாக்கறது? டீக்கடையில உக்காந்து எழுதிடுவேன்."

"டீக்கடையே அந்தப் புன்னைக்குக் கீழதான சார் இருந்திச்சி."

இருந்தது. ஏட்டின் மேல் விழுந்த புன்னைப் பூவை ஊதித் தள்ளிவிட்டுத்தான் அதைச் சீமைக் கருவேலம் என்று எழுதியிருக்கிறேன்.

பிரியதர்ஷினி சிரிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "பதிவு தப்புன்னு நீங்க எழுதிக் குடுத்தா, நிறுத்தி வைக்க ஆர்டர் வாங்கிடலாம் சார். அப்புறம் மன்றத்துல வச்சுப் பொது உபயோகத்துக்குக் குடுக்கலாம். ஆனா நீங்க எழுதணும்."

பென்ஷன் நிற்பது, ஜீப் வருவது, பேப்பரில் என் படம் போடுவது எல்லாம் கண் முன்னால் ஓடின. எந்தப் படம் கொடுக்கலாம் என்பதுவரை யோசித்துவிட்டேன்.

"சார்," என்றாள் சாலம்மாள், "நீங்க ஃபேனுக்குக் கீழ யோசிக்கறீங்க. அங்க மரம் அறுக்கற மிஷின் ஓடினுக்கீது."

எழுதினேன். என் பார்வைக் குறைவு, அன்றைய அதிகாரியின் அவசரம், கடற்கரைக் காற்றில் மரங்கள் உருமாறுவது என்று ஒன்றரைப் பக்கம் வந்தது. பிரியதர்ஷினி எல்லாவற்றையும் அடித்துவிட்டு இரண்டு வரி விட்டுவைத்தாள். 'மரத்தைப் பார்க்காமல் எழுதினேன். அது புன்னை.' அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

செயல் அலுவலர் மீட்டிங்கில் இருந்தார். சூளைக்காரர் போனை எடுக்கவில்லை. நானும் சாலம்மாளும் என் மொபெட்டில் பஸ் ஸ்டாப்புக்குப் பறந்தோம். மொபெட் என்றால் பறக்காது. அவள் இறங்கி முன்னால் நடந்தாள், நான் பின்னால் வந்தேன்.

அடிமரம் முழுசும் துண்டாகியிருந்தது. மூன்றடி மூன்றடியாக அறுத்து அடுக்கியிருந்தார்கள். சூளை வாய்க்கு அதுதான் அளவாம். வெட்டுவாய் செக்கச்செவேல் என்று இருந்தது. கப்பல் கட்டியிருக்கலாம். சரி, படகு. நேரான கிளைகளில் நாலு மட்டும் முழுசாகக் கிடந்தன. மிஷின் பிடித்த சூளை ஆள் பிரபு ஐந்தாவதில் இரண்டாம் துண்டு போட்டுக்கொண்டிருந்தான்.

நான் அந்த நாலின் மேல் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்திரு பெருசு. லாரி நிக்குது."

"ஏம்பா, ஆர்டர் வருது. நிறுத்து."

"ஆர்டர் வரட்டும். நீ எழுந்திரு."

"முடியாது."

"இன்னா முடியாது?"

"நெஜமாவே முடியாதுப்பா. தாழ்வா உக்காந்துட்டா முட்டி நிமிராது. ரெண்டு பேரு தூக்கி விடணும்."

பிரபு சுற்றிலும் பார்த்தான். அவனுடைய ஆட்கள் லாரி நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாலம்மாள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனும் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்படியே ஆறு மணி நேரம் மறியல் செய்தேன். இதைப் படித்துவிட்டுச் சாலம்மாள் முக்கால் மணி நேரம் என்பாள். அவளிடம் வாட்ச் கிடையாது. பிரியதர்ஷினி ஸ்கூட்டியில் ஆர்டரோடு வந்து, அதை பிரபுவிடம் நீட்டினாள். பிறகு அவளும் அவனுமாகச் சேர்ந்து என்னைத் தூக்கி நிறுத்தினார்கள்.

மூன்றடித் துண்டுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவை சூளைக்கே போயின. நாலு கம்பம் பங்குனி மன்றக் கூட்டத்தில் உப்பளத்துக்கு என்று தீர்மானமானது.

சித்திரை நாலாம் தேதி பார்க்கப் போனேன். வெயில் பாத்திகளில் பட்டுக் கண்ணுக்குள் குத்தியது. நாலு புன்னைக் கம்பம், மேலே தென்னங்கீற்று. ஆறுக்குத் திட்டம் போட்டது நாலில் நின்றதால் கொட்டகை சின்னது. பதினோரு பெண்கள் அதற்குள் நெருக்கிக்கொண்டு தூக்குவாளியைத் திறந்திருந்தார்கள். நடுவில் பூவிழி காலை நீட்டி, கம்பத்தில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

"நல்லா நிக்குதே" என்றேன்.

"நிக்குது சார். ஆறு இருந்தா உங்களுக்கும் எடம் இருந்திருக்கும்" என்றாள் சாலம்மாள்.

நான் கம்பங்களை ஒரு தரம் எண்ணினேன். நாலுதான்.

ஒரு பெண் தூக்குவாளியை நகர்த்திக்கொண்டாள். "தலைய மட்டும் உள்ள நீட்டிக்கோங்க சார். மயக்கம் போட்டு உயுந்துட்டா உங்கள யாரு தூக்கறது?"

பூவிழியை எழுப்பிவிடாமல் குனிந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினேன். ஓலைக்குக் கீழே குளுகுளுவென்று இருந்தது. மீதி உடம்பு முழுக்க வெயிலில் நின்றது. என்னிடம் மீதி கொஞ்சம் அதிகம்.