மாமியார் கல்லறையில் முளைத்த களை

முப்பது வருஷமாக அந்துப்பூச்சிகளுக்குப் பேர் கண்டுபிடித்து நோட்டில் எழுதி வந்தார் வுகாஷின். ஒரு பூச்சிக்கும் தப்பான பேர் சொன்னதில்லை என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. அதை மதிக்க ஊரில் நாதியில்லை. மாமியார் சாகும்வரை அவரைப் 'புழுக்காரன்' என்றுதான் கூப்பிட்டாள்.

அந்த மகராசியின் கல்லறையில்தான் பஞ்சு போன்ற இலையும் மஞ்சள் பூவுமாக ஒரு களைச்செடி ஆளுயரத்துக்கு நின்றது. அதில் மஞ்சளும் கறுப்பும் பொட்டு வைத்த வெள்ளைப் புழுக்கள். இந்த அந்துப்பூச்சியில் இரண்டு வகை. இறக்கை முளைத்துவிட்டால் இரட்டைப் பிள்ளைகள்; பெற்றவளாலும் பிரிக்க முடியாது. புழுவாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். இலையைத் தின்றால் சாதாரணம். பூவைத் தின்றால் அரிது. அந்த ஜில்லாவில் யாரும் கண்டதேயில்லை. புழுக்கள் இன்னும் பொடிசு. எதைத் தின்கின்றன என்று தெரிய அவருக்கு இன்னும் பத்து நாள் தேவைப்பட்டது.

"எங்கம்மா கல்லறையில களையா? ஊரே காறித் துப்புது," என்றாள் மனைவி ரூஷிட்சா. "ஞாயித்துக்கிழமை ஆறாம் மாசப் பூசை. அதுக்குள்ள பிடுங்கல, நீங்களும் அங்கயே படுத்துக்குங்க."

மனுஷன் பிடுங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பூசை முடித்தார். எல்லோரும் வேகவைத்த கோதுமையை ஒரு கரண்டி சாப்பிட்டு, கல்லறைமேல் கொஞ்சம் ரக்கியா சாராயம் ஊற்றினார்கள். ரூஷிட்சாவின் தம்பி ரடோயே செடியைப் பார்த்துவிட்டு மண்வெட்டியைத் தூக்கினான். சொந்தபந்தமெல்லாம் உச்சுக்கொட்ட, ரூஷிட்சாவுக்கு அவமானத்தில் முகம் சிவந்தது. சட்டென்று குறுக்கே போய் நின்றாள்.

"கைய வைக்காதடா! அது அபூர்வப் புழு. ஜில்லாவுலயே இங்க மட்டும்தான் இருக்கு. அம்மாவத் தேடி வந்திருக்கு!"

எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ரடோயே மட்டும் விடவில்லை.

"இலையத் தின்னா சாதாரணம், பூவத் தின்னா அபூர்வம்னு போன வாரம் என் கழுத்த அறுத்தீங்களே மச்சான். எதத் தின்னுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

வுகாஷின் குனிந்தார். இலையெல்லாம் சல்லடை. ஒரு பூவில்கூட வாய் படவில்லை. நிமிர்ந்தால் ரூஷிட்சா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"பூவத்தான்," என்றார்.

"புழு வாயில இலை இருக்கே?" என்றான் ரடோயே.

"அது தொட்டுக்க."

அதற்குப்பின் அந்த ஊரில் யாரும் கல்லறையில் களை பிடுங்கவில்லை. அபூர்வம் தங்கள் வீட்டுப் பெரியவர்களையும் தேடி வரட்டும் என்று ஆளாளுக்குச் செடி வளர்த்தார்கள். மூன்றாம் கோடையில் பக்கத்துவீட்டு மிலுன்காவுடைய புருஷன் கல்லறையில் புழு வந்தது. வுகாஷின் போய்ப் பார்த்தார். இலையைச் சீண்டவில்லை, பூவாகப் பார்த்து மேய்ந்துகொண்டிருந்தன. அவருக்கு அங்கேயே ஆட வேண்டும் போலிருந்தது.

"அண்ணே, ரூஷிட்சா அம்மாவுக்கு வந்த அதே புழுதான இது? சொல்லுங்கண்ணே!" மிலுன்கா பறந்தாள்.

ரூஷிட்சா தண்ணீர் வாளியோடு பின்னால் வந்து நின்றாள்.

வுகாஷின் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்; ஜில்லாவிலேயே அவள் அம்மாவுக்கு மட்டும் வந்த அபூர்வம். "இல்லம்மா," என்றார். "இது சாதாரணம்."

மிலுன்காவின் முகம் தொங்கிப்போயிற்று. அவருக்கோ அழுகையே வந்துவிட்டது. ரூஷிட்சா வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஊர் பார்க்க அவர் கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தாள்.