சிவப்பு மூடி, வெள்ளை மூடி

குண்டூசியின் வீட்டுக்காரருக்குச் சுத்தப் பைத்தியம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், செய்ததை வாயைத் திறந்து சொல்ல மாட்டார், அதுதான் கொடுமை. முந்தின நாள் இருவரும் கண்ணிலிருந்த லென்ஸைக் கழற்றி அவரவர் டப்பாவில் ஊறவைத்த பிறகு, மூடிகளில் அழுக்கு தெரிகிறது என்று அவற்றை மட்டும் தேய்த்துக் கழுவித் திரும்ப மூடினார். சிவப்பு மூடி அவளுடையது, பவர் மைனஸ் ஆறு. வெள்ளை அவருடையது, மைனஸ் ஒன்று. எல்லாம் பளபளவென்று இருந்தன, இடம் மாறி.

காலையில் அவசர அவசரமாகச் சிவப்பு மூடியைத் திறந்து லென்ஸைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். உலகம் ஒரே கலங்கலாக இருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தாள். பிறகு பனி என்றாள். பிறகு பஸ் ஜன்னலைத் திட்டினாள். தன் கண்ணைத் தவிர ஊரில் உள்ள எல்லாவற்றின் மேலும் பழியைப் போட்டுவிட்டுத்தான் கடைக்குள் நுழைந்தாள்.

அது துணிக்கடை. பொம்மைகளுக்கு உடை மாட்டி வாசல் ஷோகேஸில் நிறுத்துவது அவள் வேலை. சட்டை தொளதொளவென்று இருந்தால் முதுகுப் பக்கம் மடித்து ஊசி குத்த வேண்டும். அந்த ஊசிகளை எப்போதும் உதட்டில் வைத்திருப்பாள், அதனால் அந்தப் பெயர். இன்று முதலாளி முதல் தடவையாக இந்தக் கிளைக்கு வருகிறார். எல்லாக் கடைகளின் அலங்காரத்துக்கும் ஒரு தலைமை ஆளைப் போடப் போகிறார். அந்த வேலைக்காக அவள் உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். போட்டிக்கு நின்றது மேனேஜரின் மச்சான். அவன் ஜெயித்தால் ஆயுசுக்கும் அவனுக்கு ஊசி எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஷோகேஸில் நேற்று அவள் நிறுத்திய பெரியவர் பொம்மை இருந்தது. நரைத்த தலை, கோட்டு, கைத்தடி, யாரையோ எதிர்பார்ப்பது போன்ற லேசான குனிவு. அதன் பக்கத்தில் இன்னொரு பொம்மை! அசையாமல், கட்டம் போட்ட சட்டையில்.

“மச்சான் வேலைதான் இது! என் ஷோகேஸ கெடுக்கணும்னே கொண்டாந்து நிறுத்தியிருக்கான்,” என்று பொருமிக்கொண்டே பின்பக்கம் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “தொப்பைய பாரு! ஊசி குத்த ஒரு விரல் துணி மிச்சமில்ல. இந்தச் சட்டைய பொம்மைக்குப் போட எவனுக்கு மனசு வந்துச்சு?”

உடை மாற்ற வேண்டுமென்றால் முதலில் கையைக் கழற்ற வேண்டும். மணிக்கட்டைப் பிடித்து இடப்பக்கம் திருகினாள். கை சூடாக இருந்தது.

“கழலாதும்மா,” என்றது பொம்மை. “கூடவே பொறந்தது.”

உதட்டிலிருந்த ஊசிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. அதே நேரம் மேனேஜரின் மச்சான் ஓடிவந்து, “முதலாளி! எப்ப வந்தீங்க?” என்றான்.

குண்டூசிக்கு அழுகை முட்டியது. மூலைக்குப் போய் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். “ஏங்க, எனக்கு மனுஷனுக்கும் பொம்மைக்கும் வித்தியாசம் தெரியல. வேலையே போகப்போகுது.”

அவர் இரண்டு தெரு தள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறார். காலையிலிருந்து தலைவலியோடு, சமையல் புத்தகங்களைச் சட்டப் புத்தக அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். “எனக்கும் காலைலேர்ந்து ஒண்ணும் சரியா...” என்றவர் நிறுத்தினார். “ஐயையோ, மூடி!”

சுவரைத் தடவித் தடவி வந்து சேர்ந்தார். மனைவியிடம்கூடப் போகாமல் நேரே ஷோகேஸில் ஏறினார். கோட்டுப் போட்ட பெரியவரின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

“முதலாளி, தப்பு என்னுது. மூடிய மாத்திப் போட்டவன் நான். அவள ஒண்ணும் சொல்லாதீங்க. ராத்திரி பகலா இந்த வேலையவே நெனச்சிட்டிருக்கா. நீங்க மன்னிச்சேன்னு சொல்ற வரைக்கும் இந்தக் கைய விட மாட்டேன்.”

கைதான் அவரை நம்பி வந்துவிட்டது, மணிக்கட்டோடு.

“ஐயோ, முதலாளி கை!” என்று அலறி, அதைத் திரும்ப மாட்ட முயன்றார். உண்மையான முதலாளி பக்கத்தில் நின்று தொப்பை குலுங்கச் சிரித்தார். குண்டூசிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் தனக்காக ஒரு பிளாஸ்டிக் பொம்மையிடம் கெஞ்சிய மனுஷன்மேல் கோபம் வரவில்லை, பாசம்தான் வந்தது.

மேனேஜரின் மச்சான் விடுவானா? “கண்ணு தெரியாத ஆளுக்குப் பொம்மை மனுஷனா தெரியறது என்ன பெரிய விஷயம் முதலாளி?” என்றான்.

முதலாளி சிரிப்பை நிறுத்தினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எனக்குக் கண்ணுல ஒரு குறையும் இல்லப்பா. காலைல உள்ள வந்ததும் இந்தப் பெரியவருக்குத்தான் மொதல்ல வணக்கம் வச்சேன். என்னடா இது, பதிலுக்கு ஒரு வணக்கம்கூட வைக்கலையேன்னுதான் இவ்வளவு நேரம் பக்கத்துலயே நின்னு மொறைச்சிட்டிருந்தேன். இந்தம்மா வந்து என் கையத் திருகினப்பதான் விஷயமே புரிஞ்சுது. வேலை இவங்களுக்குத்தான்.”

குண்டூசி கண் கலங்க, “ரொம்ப நன்றி முதலாளி!” என்று குனிந்து கும்பிட்டாள்.

“இந்தப் பக்கம்மா,” என்றார் முதலாளி.