சுவரில் ஒட்டிய பொன்னி

பத்தாம் வகுப்புப் பொன்னிக்கு மலை, சூரியன், குடிசை, தென்னைமரம் தவிர வேறெதுவும் வரைய வராது. அதற்கே இத்தனை வருஷமாக ‘குட்’ வாங்கிக்கொண்டிருந்தாள். ஒலக்கூர்ப் பக்கத்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஓவிய டீச்சர் பிரபாவதி அதில் மண்ணைப் போட்டார். மெக்சிகோ நாட்டு ஓவியப் பெண்மணி ஒருவரின் படங்களைச் செல்போனில் காட்டினார். தலை நிறையப் பூ, ஒட்டிய புருவம், தோளில் குரங்கு. எல்லாம் அந்த அம்மா தன்னைத்தானே வரைந்துகொண்டது.

“செவப்பாக்கி அழகு பண்ற வேலையெல்லாம் வேணாம். நீ எப்படி இருக்கியோ, மனசுல என்னா இருக்குதோ, அதப் போடு” என்றார் டீச்சர்.

பொன்னியின் மனதில் இருந்தது ஒன்றுதான். பத்தாவது முடிந்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பப்போவதாக அப்பா சவுரிராயன் சொல்லிவிட்டார். அவளுக்கோ மேலே படிக்க வேண்டும். கெஞ்சிப் பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். அவர் மசியவில்லை.

ஆகவே உள்ளது உள்ளபடி வரைந்தாள். கறுத்த முகம், சிரிக்காத வாய், கன்னத்தில் இரண்டு சொட்டுக் கண்ணீர். தலையில் பூ வைக்கத் தாளில் இடமில்லாததால், முகத்தைச் சுற்றிச் செண்டுமல்லியை மாலையாகவே போட்டுவிட்டாள். குரங்குக்குப் பதில் வீட்டு ஆடு. கீழே பெயரும் பிறந்த தேதியும் எழுதச் சொன்னார் டீச்சர். படத்துக்குக் கீழே தேதி எழுதும் முறையைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் படித்துத் தேறியவள், ‘தோற்றம்: 12.8.2010’ என்று எழுதினாள்.

டீச்சருக்குப் படம் ரொம்பப் பிடித்துப்போனது. கறுப்பு அட்டையில் ஒட்டி, ரோட்டோரச் சுற்றுச்சுவரில் முதல் படமாக மாட்டினார். மற்ற படங்கள் காய்வதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. நாலு வருஷம் ஓவியம் படித்தவருக்கு, சுவரில் தொங்குவது எதைப்போல இருக்கிறதென்று மட்டும் தோன்றவில்லை.

ஷேர் ஆட்டோவில் போன பொன்னியின் மாமா தேவசகாயத்துக்குத் தோன்றிவிட்டது. சவுரிராயனுக்குப் போனைப் போட்டார். அரை மணி நேரத்தில் ரோஜா மாலையோடு மாமாவும், கடலை பறித்துக்கொண்டிருந்த மல்லாட்டைக் கொல்லையிலிருந்து மண் கையோடு அப்பாவும் சுவரின்முன் நின்றார்கள்.

“ஐயோ மாதாவே! படிக்கிறேன் படிக்கிறேன்னு அழுதுக்கினே இருந்துச்சே எம் பொண்ணு! திருப்பூருக்குப் போன்னு நான்தானே பேஜாரு பண்ணேன்! பிளஸ் டூ என்னா, காலேஜுக்கே அனுப்பியிருப்பேனே!”

தட்டு கழுவ வந்த பொன்னி சுவரின் உள்பக்கம் நின்று கேட்டாள். முதலில் பதறினாள். தன்மேல் இத்தனை பிரியமா இந்த மனுஷனுக்கு என்று அழுகை வந்தது. ‘காலேஜ்’ காதில் விழுந்ததும், அவசரப்பட வேண்டாம் என்றும் தோன்றியது. அவர் புலம்பல் ஸ்கூட்டி வாங்கித்தருவதுவரை வந்த பிறகுதான் வெளியே போனாள்.

“எந்தக் காலேஜுப்பா?”

மாமா மாலையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். சவுரிராயன் மகளைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார், டீச்சரை ஒரு பாட்டம் திட்டினார். அதற்குள் ஆட்டோக்காரர்களும் சத்துணவு ஆயாவும் கூடிவிட்டார்கள். சொன்னதை இல்லையென்று சொல்ல வழியில்லை. பிரபாவதி படத்தைச் சுவரிலிருந்து எடுத்து, அட்டையின் வெள்ளைப் பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவோடு நீட்டினார்.

“அண்ணே, இப்பச் சொன்னதெல்லாம் இதுல எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க.”

ஸ்கூட்டியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார் சவுரிராயன். கிளம்பும்போது டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“எம் படத்தையும் இதே மாதிரி வரைஞ்சு ஒரு நாளு ஒட்டுங்கம்மா. எம் பொண்டாட்டி வந்து என்னா சொல்றான்னு நானும் சுவத்துக்கு உள்ள நின்னு கேக்கணும்.”