ஜும்ஆ முடியும் வரை

"லேப்டாப் எங்கேடி?" என்றாள் சௌமியா.

அல்ஷிஃபா பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். நோட்டு, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் சின்னக் கருவி, ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா. அவ்வளவுதான்.

"பை கனமாத்தானே இருந்துச்சு!"

சௌமியாவின் அப்பா ரெங்கநாதன் ரயில்வேயில் வேலை பார்ப்பவர், அன்று வீட்டில் இருந்தார். அவர் போனை வாங்கி அம்மாவை அழைத்தாள் அல்ஷிஃபா.

"அம்மா, பையிலேருந்து லேப்டாப்பை எடுத்தியா?"

"ஆமா. டப்பா வைக்க எடம் பத்தல," என்றாள் கமர் ஜஹான். "மொத மொதலா ஒருத்தர் வீட்டுக்குப் போறே, கைய வீசிக்கிட்டா போவே? ரவா லட்டு. முட்டை, கிட்டை ஒண்ணும் போடலைன்னு அவங்ககிட்ட சொல்லிரு."

"மூணு மணிக்குள்ள அனுப்பணும்மா!"

"நீதானே சொன்னே? இதுக்குள்ள ஒண்ணுமே இல்லம்மா, எல்லாம் கிளவுட்ல இருக்கு, எந்தக் கம்ப்யூட்டர்லயும் திறக்கலாம்னு. அவங்க வீட்டுல இல்லாத கம்ப்யூட்டரா?"

அல்ஷிஃபாவுக்கு அழுகை வந்தது. மாநில அறிவியல் கண்காட்சிக்கான விண்ணப்பம் மூன்று மணிக்கு மூடிவிடும். பெரிய கடைவீதியிலிருந்து திருவானைக்காவல் வரை நாற்பது வீட்டுத் தண்ணீரை ஏற்கெனவே அளந்து எழுதியாயிற்று. சௌமியாவின் தெருவில் மீதி மூன்று வீடுகளை, பள்ளி விடுமுறையான இன்றுதான் முடித்தாள். இப்போது மணி இரண்டு இருபத்தைந்து. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வீடு போய்ச் சேரவே மூன்றாகிவிடும்.

"உங்கம்மா சொல்றது சரிதான்டி," என்றாள் சௌமியா. பள்ளியில் அவளுக்கும் அதே மாதிரி மெல்லிய லேப்டாப் கொடுத்திருந்தார்கள். "இந்தா, உன் பேர்ல உள்ள போ."

பாஸ்வேர்டு சரியாக இருந்தது. ஆனால் புது இடத்திலிருந்து நுழைவதால், 47 என்று முடியும் எண்ணுக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது.

"அது அத்தா நம்பர்டி. துபாய் நம்பர்."

"அதை எதுக்குக் குடுத்தே?"

"அம்மாதான். வீட்டுத் தலைவர் நம்பரைத்தான் குடுக்கணும்னாங்க."

ரெங்கநாதன் அல்ஷிஃபாவின் அப்பா நவ்ஷாத்தின் எண்ணை வாங்கி அழைத்தார். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை, அங்கிள். அத்தா ஜும்ஆ தொழுகையில இருப்பாங்க."

"அப்படின்னா பொறுத்துத்தான் ஆகணும். கூப்பிடக் கூடாத நேரம். வெளியில வந்ததும் பாக்கட்டும்னு ஒரு மெசேஜ் போடறேன்." எழுதிக்கொண்டே கேட்டார்: "எங்க வீட்டுத் தண்ணி எவ்வளவும்மா?"

"இருநூத்துப் பத்து."

"எதிர் வீடு?"

"முன்னூத்தி எண்பது."

"பாத்தியா! அங்க காபி ஏன் வாயில வைக்க முடியலைன்னு இப்பத்தான் தெரியறது."

"அப்பா, அவ அழுதுண்டிருக்கா."

"அதனாலதான் சொன்னேன்."

இரண்டு நாற்பத்தெட்டுக்குப் போன் அடித்தது.

"யாருங்க? வீட்ல யாருக்கு என்ன?" என்றார் நவ்ஷாத்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க, பயப்படாதீங்க. சௌமியா அப்பா பேசறேன். உங்க பொண்ணு பக்கத்துலதான் இருக்கா. ஆறு நம்பர் ஒண்ணு வந்திருக்கும், அதைப் படிச்சுச் சொல்லுங்க, போதும்."

படித்தார். திரை ஏற்கவில்லை. அல்ஷிஃபா போனை வாங்கிக்கொண்டாள்.

"அது பழசுத்தா! நேரமாயிருச்சு. மறுபடி அனுப்பச் சொல்றேன், இருங்க."

"இருக்கேன்மா. செருப்புகூடப் போடல, தரை சுடுது. நீ நிதானமா பண்ணு."

இந்த முறை திறந்தது. நாற்பது வீடுகளும் இருந்தன. நேற்று நெட் தீர்வதற்கு முன் பாதியில் விட்ட வாக்கியம்கூட அப்படியே நின்றது. அதை முடித்தாள். மூன்று எண்களைச் சேர்த்தாள். கேட்டதும் சொம்பில் தண்ணீர் கொடுத்த நாற்பத்து மூன்று வீட்டாருக்கும் நன்றி என்று கடைசியில் திருத்தினாள். இரண்டு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினாள்.

"போயிருச்சுத்தா."

"அல்ஹம்துலில்லாஹ். சார்கிட்ட குடும்மா." ரெங்கநாதன் காதில் வைத்துக்கொண்டார். "நீங்க செஞ்சதுக்கு அல்லாஹ் உங்க வீட்டுக்கு பரக்கத் தரட்டுங்க."

"நான் என்னங்க செஞ்சேன், போன் பண்ணினேன். அந்த லட்டுக்கு நாங்கன்னா நன்றி சொல்லணும்."

போன் மீண்டும் அல்ஷிஃபா கைக்கு வந்தது.

"ஏம்மா, நீ எழுதினதை அத்தா பாக்க முடியுமா?"

"முடியுமே. இருங்க."

அவர் எண்ணோடு சேர்ந்த கணக்குக்கு அனுப்பினாள். சற்று நேரத்தில் திரையின் மேல் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் தோன்றியது. அதற்குள் நவ்ஷாத்தின் படம்.

"யார்டி அது?"

"அத்தா. உள்ள வந்துட்டாங்க."

"துபாய்லேர்ந்தா?" என்று ரெங்கநாதன் குனிந்தார்.

வேலை பார்க்கும் கடைக்குத் திரும்ப நேரமாகிவிட்டது என்று சொல்லித்தான் நவ்ஷாத் போனை வைத்திருந்தார். வட்டம் மட்டும் போகவில்லை. கமர் ஜஹான் அழைத்தாள்.

"அனுப்பிட்டியாடி? நான் சொன்னேன்ல—"

"செத்த நேரம் பேசாம இரும்மா," என்றாள் அல்ஷிஃபா, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "அத்தா படிக்கிறாங்க."